கணக்கு நோட்டும் அக்காவின் ஞாபகமும்: ஒரு செங்கல் சூளை மீட்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வட மாவட்டம் ஒன்றில், ஒரு நாட்டுச் செங்கல் சூளையில் மூன்று பருவம் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த ஒன்பது இருளர் குடும்பங்களைப் பற்றிய குறிப்பு இது. அவர்களை வெளியே கொண்டுவந்த வேலையில் நானும் இருந்தேன். எங்களோடு ஒரு வழக்கறிஞரும் ஒரு களப்பணியாளரும் இருந்தார்கள். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஊர், ஆள், அலுவலகம் எதற்கும் பெயர் தரவில்லை. ஓரிரு சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடுவில் இருக்கும் பெண்ணை, நாங்கள் கூப்பிட்டபடியே, அக்கா என்று எழுதுகிறேன். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் போனதில்லை.

பின்னணி

அக்காவின் அப்பா பாம்பு பிடித்தவர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து தோல் வியாபாரம் படுத்த பிறகு, இருளர் குடும்பங்களில் பெரும்பகுதிக்கு வேறு பிழைப்பு இல்லாமல் போனது. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சிலருக்குக் கைகொடுத்தது. மற்றவர்கள் அரிசி ஆலை, சவுக்கு வெட்டு, சீமைக்கருவேலம் வெட்டிக் கரி சுடுவது, செங்கல் சூளை என்று பிரிந்துபோனார்கள். இவை எல்லாமே முன்பணத்தில் ஓடும் தொழில்கள்.

இந்தச் சூளையிலும் அப்படித்தான். பொங்கல் கழிந்ததும் ஒரு மேஸ்திரி ஏரிக்கரைக்கு வந்து, குடும்பத்துக்கு 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார். ஆயிரம் கல் அறுத்தால் 500 ரூபாய் என்று பேச்சு. மண்ணை வெட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, அச்சில் அடித்து, களத்தில் வரிசையாகக் கவிழ்த்துக் காயவைப்பது வரைக்கும் கல் அறுக்கும் வேலையில் சேரும். விடியற்காலை இரண்டு மணிக்குத் தொடங்கினால்தான் வெயிலுக்கு முன் ஓரளவு தேறும். புருஷன், பெண்டாட்டி இருவரும் அறுப்பார்கள். பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பிப் போடுவார்கள். கணக்கு என்னவோ குடும்பத்தலைவர் பெயரில் ஒரே வரிதான்.

அந்த வரி கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்கும். வாரம் 700 ரூபாய் செலவுக்காசு. மீதி, பருவம் முடிந்து ஆனி மாதத்தில் தீர்ப்பதாகப் பேச்சு.

முதல் பருவ முடிவில் அக்காவின் குடும்பத்துக்கு நோட்டில் வந்த கணக்கு இது: அறுத்த கல் 71,000, ஆயிரத்துக்கு 400 ரூபாய் வீதம் கூலி 28,400. முன்பணமும் 22 வாரச் செலவுக்காசும் சேர்த்து வாங்கியது 30,400. ஆகவே 2,000 ரூபாய் பாக்கி, அதுவும் இவர்கள் தரவேண்டியது. ஐந்நூறு எப்படி நானூறு ஆனது என்று கேட்டதற்கு, பச்சைக் கல்லில் உடைசல் கழித்தோம் என்றார்களாம். எண்ணிக்கையிலும் உடைசல் கழித்து, விலையிலும் உடைசல் கழித்திருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் வீட்டுக்கு அனுப்பவில்லை. முதலாளியின் தோப்பிலும் வயலிலும் வேலை. அதற்குத் தனிக்கூலி கிடையாது, சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து அதையும் கடனில் ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாம் பருவத்தில் அக்கா குடும்பத்தின் பாக்கி 38,000 ரூபாயாக இருந்தது. குடும்ப அட்டைகள் முதலாளி வீட்டு பீரோவில். அக்காவின் மாமனார் இறந்தபோது கணவரை மட்டும் இரண்டு நாள் விட்டார்கள். அக்காவும் பிள்ளைகளும் சூளையிலேயே இருக்கவேண்டும் என்றார்கள். பிணை என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.

அக்காவின் ஞாபகம்

முதல் பருவத்துக் கணக்கைத் தீர்க்கிற அன்றைக்கு ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கையும் வாசித்துக்கொண்டு வந்தார். பக்கத்துக் கொட்டகைக்காரருக்கு ஒரு வாரக் கணக்கை வாசித்தபோது, பின்னால் நின்ற அக்கா, "அந்த வாரம் அவங்க அறுத்தது ஆறாயிரத்து நூறு" என்றார். நோட்டில் 4,200 இருந்தது. அதட்டினார்கள். அவர் நிறுத்தாமல் திங்கள் இவ்வளவு, செவ்வாய் இவ்வளவு என்று நாள் நாளாகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பிறகு தன்னுடையது, அப்புறம் மற்ற ஏழு குடும்பங்களுடையது. தன் குடும்பத்துக்கு அவர் சொன்ன எண் 1,14,000 கல். பேசிய விலைக்கு 57,000 ரூபாய். வாங்கியது போக 26,600 ரூபாய் இவர்களுக்கு வரவேண்டும்.

அக்கா முனைந்து மனப்பாடம் செய்தவர் இல்லை. சாயங்காலம் களத்தைத் தாண்டிக் குடிசைக்குப் போகும்போது கவிழ்த்திருக்கும் வரிசைகளைப் பார்ப்பார்; அவ்வளவுதான். அது தங்கிவிடும். எப்படி என்று நான் பலமுறை கேட்டேன். ஒருமுறை இப்படிச் சொன்னார்: "மாட்டப் பாத்தா இது யாரு வூட்டு மாடுன்னு தெரியுதுல்ல? அந்த மாதிரி நாளுக்கு ஒரு மூஞ்சி கீது தம்பி. அதோட கல்லும் வந்துடும்." ஆங்கிலத் தேதி அவருக்குத் தெரியாது. அமாவாசை கழிந்து எத்தனாவது நாள், என்ன கிழமை என்பதுதான் அவருடைய காலண்டர்.

சூளையில் இருந்தவர்கள், தங்கள் தெய்வமான கன்னியம்மா அவர் நாக்கில் இருப்பதாக நம்பினார்கள். முதலாளி வீட்டில் பேய் பிடித்தவள் என்றார்கள். இரண்டுமே எனக்குத் தேவைப்படவில்லை. நம் ஊரில் இதற்கு மரியாதையான பெயரே உண்டு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களை நினைவில் வைத்துச் சொல்வதை, செய்து காட்டினார். இப்படிச் செய்கிற அவதானிகளின் முதுகில் நெல்லும் கல்லுமாக எறிந்து, கடைசியில் எத்தனை நெல், எத்தனை கல் என்று கேட்பார்கள். மேடையில் எண்ணினால் பட்டம், சூளையில் எண்ணினால் பேய்.

சூளையில் நடந்த மாற்றங்கள்

இந்தப் பகுதியை அக்காவும் இன்னும் நான்கு பேரும் தனித்தனியாகச் சொன்னதிலிருந்து தொகுத்திருக்கிறேன்.

அன்றைக்கு மாலையே அக்காவின் கொட்டகையைச் சூளையின் மறுகோடிக்கு மாற்றினார்கள். களத்தைத் தாண்டாமல் போகும் வழி. அதனால் பெரிய பலன் இல்லை. மற்ற பெண்கள் தண்ணீர்த் தொட்டிக்கு வரும்போது தங்கள் எண்ணிக்கையை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டாலே போதும், அவருக்குத் தங்கிவிடுகிறது.

அடுத்து, அக்காவின் குடும்பத்தைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். "உன் கணக்கை நேராக்கித் தர்றேன். அடுத்தவன் கணக்கு உனக்கு எதுக்கு?" என்று முதலாளி கேட்டிருக்கிறார். கணவர் ஒப்புக்கொள்ளலாம் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில் வீரமாக ஒன்றும் இல்லை. "என் கல்லு மட்டும் தனியா ஞாபகம் வராது. எல்லாம் சேந்துதான் வரும்" என்றார்.

இரண்டாம் பருவத்தில் ஒரு மாசி மகம். வட மாவட்டத்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, இரவெல்லாம் தங்கி, விடியலில் கன்னியம்மாவைக் கும்பிடும் நாள் அது. போக அனுமதி கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். சரி, போகவில்லை; ஆனால் அன்று ஒருவரும் மண்ணைத் தொடவில்லை. சூளை மண்ணிலேயே ஏழு படி வைத்து, மஞ்சள் பூசி, அங்கேயே கும்பிட்டார்கள். முதலாளி வந்து கத்திவிட்டுப் போனார். படியை மிதிக்க மட்டும் அவருக்கும் துணிவு வரவில்லை. இந்த நாள் பின்னால் முக்கியமாகிறது.

தகவல் வந்ததும், நாங்கள் சோதித்ததும்

மூன்றாம் பருவத்தின் நடுவில் ஏரிக்கரையில் இருந்த ஓர் உறவினர் எங்கள் களப்பணியாளரிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வீட்டுக்கு ஒருவரை, மேஸ்திரியின் கண்காணிப்பில், அரிசி வாங்க விடுவார்கள். முதல் மூன்று சந்திப்பும் அரிசிக் கடைத் திண்ணையில், பத்துப் பத்து நிமிடம்.

முதல் சந்திப்பில் அக்கா கடகடவென்று எண்களைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். உள்ளுக்குள் நம்பவில்லை. எண்களைச் சரளமாகச் சொல்கிற யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். அதனால் அடுத்த வாரம் அதே கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டேன். எண்கள் மாறவில்லை. அதுவும் போதாது, மனப்பாடமாக ஒப்பிப்பவரும் மாறாமல் சொல்லலாம்.

வெளியிலிருந்து ஒப்பிட மூன்று விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, கோடை மழை பெய்து பச்சைக் கல் கரைந்த நாட்கள் என்று அவர் சொன்னவை. அவற்றைப் பழைய செய்தித்தாள்களோடு ஒத்துப் பார்த்தோம். இரண்டு, அக்காவின் அண்ணன் மகன். பத்தாவது வரை படித்தவன். இரண்டாம் பருவத்தில் 29 நாட்களுக்குத் தன் குடும்பத்தின் எண்ணிக்கையைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தான். அதை ஒரு தாளில் பார்த்து எழுதி அரிசிப் பையில் வைத்து அனுப்பினான். 26 நாட்கள் அக்கா சொன்னதோடு அப்படியே பொருந்தின. மற்ற மூன்று நாட்களில் அவன் இரண்டு நாள் வேலையைச் சேர்த்து எழுதியிருந்தது பிறகு தெரிந்தது.

மூன்றாவதுதான் என்னை மாற்றியது. இரண்டாம் பருவத்துப் பங்குனியில் நான்கு நாட்களுக்கு மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. வற்புறுத்தினேன். "காய்ச்சலு தம்பி, கண்ணத் தொறக்கல. அந்த நாலு நாளு எங்கிட்ட இல்ல" என்றார். ஊகமாகவாவது சொல்லுங்கள் என்றதற்கு, இல்லாததை எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. சீட்டு ஒன்று அவருடைய சுருக்குப்பையில் மடித்து இருந்தது. தேதி அந்த நான்கில் முதல் நாள். புனைந்து சொல்கிறவர் ஓட்டையை அப்படியே விட்டு வைக்கமாட்டார்.

மனு எழுதும்போது எடுத்த முடிவு

இங்கே எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976 தொழிலாளியிடம் கணக்கைக் கேட்பதே இல்லை. முன்பணம் வாங்கியிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமையோ, நடமாடும் உரிமையோ, குறைந்தபட்சக் கூலி பெறும் உரிமையோ பறிபோயிருக்கவேண்டும். அது போதும். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. 15ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. 6ஆவது பிரிவின்படி கடனே அழிந்துபோகிறது. கட்டாய வேலை நடந்தது தெரிந்தால், அது முன்பணத்துக்காகத்தான் நடந்தது என்று அனுமானிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலையே கட்டாய வேலைதான் என்று அதற்கு முன்பே, 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியிருந்தது.

ஆகவே வழக்கறிஞர் சொன்னது எளிமையானது. மனுவில் எண்ணே வேண்டாம். முன்பணம் எவ்வளவு, வெளியே விடவில்லை, அட்டையைப் பிடுங்கி வைத்தார்கள், பிள்ளைகளைப் பிணையாக வைத்தார்கள். இவ்வளவும் போதும். எண்ணைப் போட்டால் விசாரணை கணக்குத் தகராறாகிவிடும். கணக்குத் தகராறு என்றால் தொழிலாளர் துறைக்குப் போங்கள் என்று கோப்பைத் தள்ளிவிடுவார்கள்.

நான் கேட்கவில்லை. இப்படி ஒரு ஞாபகம் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவதா என்று பட்டது. ஒன்பது குடும்பங்கள், இரண்டரைப் பருவம், மாதவாரியாக அட்டவணை போட்டு மனுவோடு இணைத்தேன். அட்டவணையின் அடியில், இந்தக் கணக்கு முழுவதும் இன்னார் ஞாபகத்திலிருந்து சொன்னது என்றும் எழுதினேன். அக்காவிடம் ஒப்புதல் கேட்டேன்தான். ஆனால் பெயர் போனால் அவர்மேல் என்ன பாயும் என்பதை விளக்காமல் வாங்கிய ஒப்புதல் அது.

மனு மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் போனது. எட்டாம் நாள் கோட்டாட்சியர் சூளைக்கே வந்தார்.

விசாரணை நாள்

வந்த கொஞ்ச நேரத்திலேயே வழக்கறிஞர் பயந்தது நடந்தது. அட்டவணையைப் பார்த்த கோட்டாட்சியர், "இதுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார். முதலாளி தரப்பில் உடனே மூன்று கணக்கு நோட்டுகளை மேசைமேல் வைத்தார்கள். கைரேகையோடு கூடிய வரிகள், பக்கம் பக்கமாக. எங்கள் பக்கம் எழுதத் தெரியாத ஒரு பெண். சட்டத்தில் நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்று வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். கோட்டாட்சியர் தலையாட்டிவிட்டு மறுபடியும் நோட்டைப் புரட்டினார். எழுதிய தாளுக்கு அலுவலகங்களில் இருக்கும் மரியாதை அப்படி. தொழிலாளர்களுக்கும் அதே மரியாதை இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நோட்டைத் திறந்ததும் குரல் இறங்கிப்போனது அவர்களுக்குத்தான்.

கரி எழுத்து இருந்த கொட்டகைச் சுவரைப் பார்க்கலாம் என்று போனோம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒன்பது கொட்டகைகளில் அந்த ஒன்றுக்கு மட்டும். சூளைக் கொட்டகைக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? ஆனால் அதைப் பதிவு செய்யும்படி கேட்க எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரம் இப்படியே போனது. பிறகு கோட்டாட்சியர் அக்காவை அழைத்தார். முதலாளி மூன்றடி தள்ளி நின்றார். அக்கா வாயே திறக்கவில்லை. நான் எண்களை நினைவுபடுத்தப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "போன வருச மாசி மகத்தன்னைக்கு இன்னா எழுதிக்கீறீங்க, படிங்க" என்றார்.

அது என்ன தேதி என்று யாருக்கும் தெரியவில்லை. வந்திருந்த அலுவலக உதவியாளர் கைப்பேசியில் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். கணக்குப்பிள்ளை பக்கத்தைத் தேடி வாசித்தார். ஒன்பது குடும்பங்களும் அன்று கல் அறுத்திருந்தன. 800, 900, 1,000 என்று அழகாக இருந்தது.

கொட்டகை ஓரத்தில் குந்தியிருந்த ஒரு பெரியவர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், எழுந்து வந்து, "மகத்தன்னிக்கு எந்த இருளன் மண்ண மிதிப்பான் சாமி?" என்று கேட்டார். கோட்டாட்சியர் மூன்று பெண்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார். ஏழு படி எங்கே வைத்தார்கள், யார் மஞ்சள் அரைத்தது என்பது வரைக்கும் ஒரே பதில்.

அடுத்து அக்கா தன் நான்கு காய்ச்சல் நாட்களைக் கேட்டார். நோட்டில் அந்த நான்கு நாளும் அவர் குடும்பம் நாளுக்கு 900 கல் அறுத்திருந்தது. அக்கா படுத்துக்கிடக்க, கணவர் ஒற்றை ஆளாக 900 கல்லா என்று கேட்டதற்குக் கணக்குப்பிள்ளையிடம் பதில் இல்லை. ஓ.பி. சீட்டு சுருக்குப்பையிலிருந்து வெளியே வந்தது. அக்காவின் ஞாபகத்தில் இருந்த ஒரே ஓட்டை, நோட்டில் ஓட்டையே இல்லாமல் நிரம்பியிருந்தது. எப்போதோ ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய நோட்டு என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. மூன்று பருவத்துக்கும் ஒரே பேனா மை.

அதற்குமேல் நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பள சொல்றத வச்சு என்னைக் கேள்வி கேக்கறீங்களா? முப்பத்தெட்டாயிரம் பாக்கி வச்சிருக்கா. அது தீராம எப்படி சார் வெளிய அனுப்புறது? மாமனார் சாவுக்கே புருஷன மட்டும்தான் விட்டேன்" என்றார்.

எங்கள் வழக்கறிஞர் பேனாவை மூடிவைத்துவிட்டார். கோட்டாட்சியர் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். முதலாளி திரும்பச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். முன்பணமும் உண்டு, வெளியே விடாததும் உண்டு என்று கடன் கொடுத்தவரே சொல்லிவிட்ட பிறகு கல் எத்தனை என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. என் அட்டவணையை அதற்கப்புறம் யாரும் புரட்டவில்லை.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காவின் எண்களை வைத்து வழக்கு தீரவில்லை. நோட்டைத் தவிர வேறு எதையும் யாரும் நம்பமாட்டார்கள் என்ற தைரியத்தில் மூன்று வருடம் இருந்த ஆளுக்கு, அது எல்லோர் முன்னிலும் ஆட்டம் கண்டபோது வாய் அடங்கவில்லை. அந்த ஆட்டத்தைக் கொடுத்தது அக்கா. அதுவும் நான் தயாரித்துக் கொடுத்த எண்களை வைத்து இல்லை. எந்த நாளைக் கேட்டால் நோட்டு பொய் என்று தெரியும் என்பதை அவரே தேர்ந்தெடுத்தார்.

அதற்குப் பின்

அன்று இரவே எட்டுக் குடும்பங்களுக்கு விடுதலைச் சான்று எழுதப்பட்டது. ஒன்பதாவது குடும்பம், விருப்பப்பட்டுத்தான் வேலை செய்கிறோம் என்று சொல்லிவிட்டது. அந்த வீட்டுப் பெண் நிறைமாதம். பிரசவச் செலவு முதலாளி பார்ப்பதாகச் சொல்லியிருந்தாராம். அவர்களை விட்டுவிட்டு வந்தோம். மூன்று மாதம் கழித்து, குழந்தையோடு இரவில் நடந்தே ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சான்று வாங்க அதன் பிறகு ஐந்து மாதம் ஆனது.

கொத்தடிமைச் சட்டத்தின் கீழும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. 2016ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டப்படி உடனடி உதவி அப்போது 20,000 ரூபாய் (2022இல் 30,000 ஆனது). அது வந்தது, வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குத் தாமதமாக. முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம். அது தண்டனைத் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. கொத்தடிமைச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். அதாவது ஒரு குடும்பத்தின் முதல் பருவத்துப் பொய்ப் பாக்கி அளவுக்கு அபராதம்.

அனைவரும் ஏரிப் புறம்போக்கில் பழைய குடிசைகளுக்கே திரும்பினார்கள். பட்டா இல்லை. பழங்குடிச் சான்றிதழ் நான்கு குடும்பங்களுக்கு இல்லை. அதைக் கொடுக்கவேண்டிய அலுவலகமும் கோட்டாட்சியர் அலுவலகம்தான். இருளர் என்று எழுதி விடுதலைச் சான்று கொடுத்த அதே அலுவலகம், இருளர் என்பதற்கு ஆதாரம் கேட்டது. வருடம் திரும்புவதற்குள் இரண்டு குடும்பங்கள் மரம் வெட்டப் புதிய முன்பணம் வாங்கிவிட்டன.

அக்காவைப் பற்றி நான் செய்த தவறின் பலன் ஒரு வாரத்தில் தெரிந்தது. அட்டவணையின் அடிக்குறிப்பு எப்படியோ வெளியே போய், கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். போன வருடம் இதே நாளில் என்ன கிழமை என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு சுற்று வட்டாரத்திலிருந்து குறி கேட்க வந்தார்கள். தொலைந்த தாலி, ஓடிப்போன மகன், இப்படி. எனக்குத் தெரியாது என்று சொன்னவரை, சூளைக்காரனுக்குச் சொன்ன சாமி எங்களுக்குச் சொல்லாதா என்று கோபித்துக்கொண்டார்கள். ஒரு மாதம் அவர் மகள் வீட்டில் போய் இருந்துவிட்டு வந்தார்.

இன்னொரு முறை என்றால்

அட்டவணை போடமாட்டேன். கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கூலிப் பாக்கி கேட்கும்போது அது வேண்டும், எங்களுக்கும் பின்னால் உதவியது. ஆனால் மீட்பு மனுவில் அதற்கு இடமில்லை. வழக்கறிஞர் சொன்னது சரி.

ஒருவர் பெயரை மட்டும் முன்னால் நிறுத்தமாட்டேன். மாசி மகத்தன்று வேலை நடக்கவில்லை என்பது 31 பேருக்கும் தெரியும். அதைத் தனித்தனியாக முன்பே கேட்டு எழுதியிருந்தால் அக்கா தனியாக நின்றிருக்கவேண்டாம். அவருடைய அபாரமான ஞாபகத்தைப் பார்த்து மயங்கி, மற்ற முப்பது பேருக்கும் சாதாரண ஞாபகம் இருக்கிறது என்பதை மறந்துபோனேன். அந்தப் பெரியவரிடம் நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

விசாரணையை முதலாளி நிற்கும் இடத்தில் நடத்த ஒப்புக்கொள்ளக்கூடாது. ஒன்பதாவது குடும்பத்தை நாங்கள் இழந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். பிரசவ ஏற்பாடு பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எங்களிடம் ஏதாவது இருந்திருக்கும்.

சுவர் மாதிரி அழியக்கூடிய எதையும் மனு போகும் முன்பே படமெடுத்துவிடவேண்டும். அழித்திருந்தால், அழித்ததையும் படமெடுத்து விசாரணைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லவேண்டும். குடும்ப அட்டைகளை அதே இரவு பீரோவைத் திறக்க வைத்து வாங்கவேண்டும். நாங்கள் மறுநாள் என்று விட்டோம். இரண்டு அட்டைகள் கிடைக்கவே இல்லை, நகல் அட்டைக்கு எழுதிப்போட்டோம். விடுதலைச் சான்றில் பெயரெழுத்தை அங்கேயே சரிபார்க்கவேண்டும். அக்காவின் சான்றில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கணவர் பெயரும், கணவர் பெயர் இடத்தில் ஒன்றுமில்லாமலும் இருந்தது. வங்கியில் அதற்காக மூன்று முறை திரும்பினோம்.

இப்போதைய நிலை

வழக்கு இன்னும் நடக்கிறது. கணக்கு நோட்டுகள் நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாக இருக்கின்றன. அக்கா இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். அங்கே வருகைப் பதிவேட்டில் அவர் எதையும் சரிபார்ப்பதில்லை என்று களப்பணியாளர் சொன்னார்.

போன மாதம் நீதிமன்ற வராந்தாவில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அன்றும் வாய்தா. இது எத்தனாவது வாய்தா அக்கா என்று கேட்டேன். கோப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும், சோம்பல்.

"அதெல்லாம் எண்றதில்ல தம்பி" என்றார்.